திரையில் தெரிய வேண்டும், தாளில் விழக் கூடாது

பக்க வடிவமைப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் வந்ததும் முதலில் செய்வது, இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில், எல்லைகளைக் காட்டும் கைடு கோடுகளை மறைத்துவிடுவதுதான். "கண்ணை உறுத்துது சார்" என்பார்கள். அந்தக் கோடுகள் எதுவும் அச்சில் வராது. மார்ஜின், பத்தி, வெட்டுக்கு வெளியே விடும் ப்ளீட் எல்லை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் நிற்கும். எழுத்து எதைத் தாண்டுகிறது என்று உடனே காட்டிக்கொடுப்பவை அவைதான்.

ஒரு சங்கத்தின் ஆண்டு மலர். வடிவமைத்த தம்பி கைடுகளை மறைத்துவிட்டு, படங்களை ஒரே வரிசையில் நிறுத்த லைன் டூலால் மெல்லிய கோடுகளை வரைந்திருந்தார். வேலை முடிந்ததும் அழித்தார், ஒன்று தப்பிவிட்டது. முழுப் பக்கமாகப் பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாத தடிமன். பிளேட் போட்டு அச்சடித்த பிறகு, தலைவர் படத்தின் கன்னத்தை ஒட்டி மயிரிழை போல ஓடியது. அந்த பாரம் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

லைன் டூலால் வரைந்தது பொருள், அது அச்சாகும். திரையின் ஓரத்தில் இருக்கும் ரூலரிலிருந்து இழுத்தது கைடு, அது அச்சாகாது. இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

கோடு காணவில்லையா? கன்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையைத் தட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், கோடுகள் இல்லாமல் பக்கத்தை மட்டும் காட்டும் பிரிவியூவில் இருக்கிறீர்கள். டபிள்யூ விசை அதை மாற்றும். ஆனால் கர்சர் எழுத்துப் பெட்டிக்குள் இருக்கும்போது டபிள்யூவைத் தட்டினால் வாக்கியத்தின் நடுவில் ஓர் எழுத்து விழுந்துவிடும். மெய்ப்பு முடிந்த பக்கத்தில் இப்படி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதலில் எஸ்கேப், அப்புறம் டபிள்யூ.

கைடு அச்சாகாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பிடிஎஃப் எடுக்கும் பெட்டியில், கண்ணுக்குத் தெரியும் கைடுகளையும் சேர்க்கச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் டிக் விழுந்திருந்தால் கைடுகளும் கோப்போடு போய்விடும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு அனுப்பும் பிரதியில் நானே அந்த டிக்கைப் போடுவேன். எந்த வரி மார்ஜினைத் தாண்டுகிறது என்று அவருக்கும் தெரியும். அச்சகத்துக்குப் போகும் கோப்பில் அதை எடுத்துவிட்டு, பிடிஎஃப்பைத் திறந்து நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பக்கம் பக்கமாக ஓரங்களைப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.