தளபதிக்கு அடியில் இன்னொருவர்

பழைய தளபதி ஓவியங்களில் மார்பில் தொங்கும் பதக்கங்களை வைத்தே வரைந்த வருடத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி சரி. மீதிப் பாதிக்கு ஸ்பெயின் ஓவியர் கோயாவிடம் போக வேண்டும்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்த பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் ஆனார். 1812 ஆகஸ்டில் அவர் மாட்ரிட்டுக்குள் நுழைந்ததும் கோயா அவரை வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அந்த மார்பளவுப் படத்தில், பிறகு கிடைத்த விருதுகளையும் கோயாவே சேர்த்துத் திருத்தினார். அதனால்தான் அதற்கு 1812-14 என்று இரண்டு வருடக் கணக்கு. பதக்கம் சொல்வது கடைசித் திருத்தத்தின் தேதி, அவ்வளவுதான்.

அதே 1812-இல் கோயா வரைந்த இன்னொரு படம் இதைவிடச் சுவாரசியம். வெலிங்டன் குதிரையில் அமர்ந்திருக்கும், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரப் படம். செப்டம்பரிலேயே மக்கள் பார்வைக்கு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய படம் இத்தனை சீக்கிரம் எப்படி? எக்ஸ்-ரே எடுத்தபோது குட்டு வெளிப்பட்டது. அடியில் வேறொரு குதிரை வீரர்!

இதைக் காட்டிக்கொடுப்பது ஈய வெள்ளை என்ற நிறமி. (வெள்ளீயம் அல்ல, அது வேறு உலோகம். இது காரீயத்தின் கூட்டுப்பொருள்.) டைட்டானியம் வெள்ளை வரும்வரை முகத்தின் ஒளி, காலர், பதக்கத்தின் மினுக்கு என்று எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே ஓவியர்கள் பெரும்பாலும் இதைத்தான் குழைத்துப் பூசினார்கள். காரீயத்தின் அணு எண் 82. காவி மண்ணிலுள்ள இரும்புக்கு 26, கரிக்கு வெறும் 6. அணு எண் இரட்டிப்பானால், ஒரே எடைக்கு எக்ஸ்-கதிரை விழுங்கும் திறன் சுமார் எட்டு மடங்கு ஆகிறது. ஆகவே துணியையும் கரியையும் கதிர் சட்டை செய்யாமல் கடந்துவிடும். காரீயத்தில் முட்டி நிற்கும். எக்ஸ்-ரே படலத்தில் அந்த இடம் எலும்பு போல வெளுத்துத் தெரியும். கைக்கு எலும்பு எப்படியோ, ஓவியத்துக்கு ஈய வெள்ளை அப்படி. ஓவியர் தூரிகையை எந்தப் பக்கம் இழுத்தார் என்பதுகூடத் தெரியும். எனக்கு இதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

ஒரு தொல்லை: மேல் அடுக்கு, கீழ் அடுக்கு எல்லாம் ஒரே நிழலாக ஒன்றன்மேல் ஒன்று விழும். இருவர் முகமும் கலந்துவிடும். அதனால்தான் அடியில் இருப்பவர் நெப்போலியனின் அண்ணன் ஜோசப்பா, ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் கோதோய் என்பவரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருந்தது. அங்கே இந்த வித்தை செல்லாது. கதிர் ஒரு பக்கம், படலம் மறுபக்கம் இருக்க வேண்டும், நடுவில் இருப்பதோ கருங்கல் சுவர். தொல்லியல் துறையினர் மேல் ஓவியத்தைப் பெயர்த்தெடுத்துத் தனியாகப் பொருத்தித்தான் கீழே இருந்ததைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட வேதியியல் கைவேலைக்கு நாம் ஒதுக்கும் பணம், ஒரு கும்பாபிஷேகப் பந்தல் செலவில் பாதியாவது தேறுமா என்பது என் சந்தேகம்.