சமாரியர்: ஊர்ப் பெயரா, காப்போர் என்ற பெயரா?

சமாரியர் (பெயர்ச்சொல், பன்மை): பாலஸ்தீனத்தில் நாப்லஸ் நகரை ஒட்டியுள்ள கெரிசீம் மலையைத் தங்கள் திருத்தலமாகக் கொண்டு, மோசேயின் ஐந்து நூல்களை மட்டுமே மறைநூலாக ஏற்கும் இஸ்ரயேல் வழி மக்கள். ஒருமையில் சமாரியன், சமாரியப் பெண். ஊரும் நாடும் சமாரியா. 'சமாரிட்டன்' என்பது ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதியது. தமிழில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கும் சொல் இருக்கும்போது அது தேவையில்லை.

ஊர்ப் பெயரின் கதை முதலாம் அரசர் நூலில் இருக்கிறது. ஓம்ரி என்ற அரசன் சேமேர் என்பவனிடமிருந்து இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கி, அதில் தலைநகர் கட்டி, விற்றவன் பெயரால் 'ஷோம்ரோன்' என்று பெயரிட்டான். கிரேக்கத்தில் 'ஷ' ஒலி கிடையாது. அங்கே அது 'சமாரெயா' ஆயிற்று. தமிழ் விவிலியம் பழைய ஏற்பாட்டிலும் எபிரேய வடிவத்தை விட்டு, கிரேக்க வழி வந்த 'சமாரியா'வையே எழுதுகிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். நாம் சமாரியர் என்று அழைக்கும் மக்கள் 'சமாரியா ஊர்க்காரர்' என்ற பொருளை ஏற்பதில்லை. அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் 'ஷாமெரிம்'. ஷ-ம-ர என்ற எபிரேய வேருக்குக் காத்தல் என்று பொருள். ஆகவே ஷாமெரிம் என்றால் காப்போர், தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, வழுவாமல் காத்தவர்கள். கட்டளைகளைப் பற்றி இந்த வினை வரும் இடங்களில் தமிழ் விவிலியம் 'கைக்கொள்ளுதல்' என்று எழுதும். அந்த வழியில் 'மறை கைக்கொள்வோர்' என்பது பொருத்தமான தமிழாக்கம். 'காவலர்' என்று பெயர்த்தால் இன்றைய வாசகர் காவல் நிலையத்தைத்தான் நினைப்பார்.

யூதர்கள் வைத்த பெயர் வேறு: 'கூத்திம்'. கூத்தா என்பது மெசொப்பொத்தேமிய நகரம் (நம் கூத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை). அசீரியர் சமாரியாவைக் கி.மு. 722 வாக்கில் கைப்பற்றி, மக்களை நாடு கடத்தி, பாபிலோன், கூத்தா முதலிய இடங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள் என்று இரண்டாம் அரசர் நூலின் 17-ஆம் அதிகாரம் சொல்கிறது. கூத்திம் என்று அழைத்தால் 'நீங்கள் வந்தேறிகள், இஸ்ரயேலர் அல்லர்' என்று சொன்னதாகிறது. ஒரே மக்களுக்கு மூன்று பெயர், ஒவ்வொன்றிலும் ஒரு வழக்கு.

தமிழ் மறையுரைகளில் 'சமாரியர் என்றால் கலப்பினத்தார்' என்ற விளக்கம் அடிக்கடி கேட்கும். அது யூதத் தரப்பின் வாதம், அகராதிப் பொருள் அன்று. அசீரிய அரசன் இரண்டாம் சார்கோன் தன் கல்வெட்டில் நாடு கடத்தியதாகச் சொல்லும் கணக்கு 27,290 பேர். அது சமாரியாவைத் தலைநகராகக் கொண்ட வட இஸ்ரயேல் நாட்டின் மொத்த மக்கள் தொகை ஆகாது. பெரும்பாலோர் ஊரிலேயே இருந்திருக்க வேண்டும். சமாரியர் சொல்லும் வரலாறோ முற்றிலும் வேறு: ஏலி என்ற குரு கெரிசீமை விட்டுச் சீலோவில் தனி வழிபாடு தொடங்கியபோதே பிளவு வந்தது, பிரிந்து போனவர்கள் நாங்கள் அல்லர் என்கிறார்கள்.

பகை ஒரே நாளில் முற்றவில்லை. எகிப்தின் எலிபண்டைன் தீவில் வாழ்ந்த யூதர்கள் இடிந்த தங்கள் கோவிலைத் திரும்பக் கட்ட உதவி கேட்டுக் கி.மு. 407-இல் யூதேயா ஆளுநருக்கு மடல் எழுதினார்கள். சமாரியா ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதியதாக அதே மடல் கூறுகிறது. அவர்கள் கண்ணில் இரண்டு ஊரும் கேட்கத்தக்க இடங்களே. கெரிசீமில் சமாரியர் கோவில் எழுந்ததும், அதை யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானுஸ் கி.மு. 110 வாக்கில் அழித்ததும்தான் உறவை முறித்தன.

மறைநூலில் வேறுபாடு நுணுக்கமானது. வழிபாட்டுக்கு 'ஆண்டவர் தெரிந்துகொள்ளும் (தேர்ந்தெடுக்கும்) இடம்' என்று யூதப் பாடம் எதிர்காலத்தில் சொல்லும். அது எருசலேமுக்கு வழிவிடுகிறது. சமாரியப் பாடத்தில் 'தெரிந்துகொண்ட இடம்'. மோசேயின் காலத்திலேயே தெரிந்தெடுத்தாயிற்று, அது கெரிசீம். கற்களை நாட்ட வேண்டிய மலையை இணைச்சட்டம் 27:4-இல் யூதப் பாடம் ஏபால் என்கிறது, சமாரியப் பாடம் கெரிசீம் என்கிறது. இறைவாக்கினர் நூல்களும் திருப்பாடல்களும் அவர்களுக்கு மறைநூல் அல்ல. மோசேயின் நூல்களில் இல்லாத பூரிம், ஹனுக்கா என்ற யூத விழாக்களும் அவர்களிடம் இல்லை. எழுத்தும் வேறு: யூதர் அரமேயச் சதுர எழுத்துக்கு மாற, சமாரியர் தொல் எபிரேய எழுத்தின் வழிவந்த வடிவத்தை விடவில்லை. பாஸ்கா ஆட்டை இன்றும் கெரிசீம் மேலேதான் பலியிட்டு, குழி அடுப்பில் இறக்கிச் சுடுகிறார்கள். மொத்தம் ஆயிரம் பேர்கூட இல்லாத இச்சமூகம் அம்மலையிலுள்ள கிர்யத் லூசாவிலும் டெல் அவிவ் அருகே ஹோலோனிலும் வாழ்கிறது.

யூதரான இயேசு கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்க, அவள் வியக்கும் இடம் யோவான் 4:9. யூதர் சமாரியரோடு எப்படி இருந்தார்கள் என்பதற்கு அங்கே பழைய தமிழ் மொழிபெயர்ப்பு தந்த சொல் அருமையானது: 'சம்பந்தங்கலவாதவர்கள்'. கொள்வினை கொடுப்பினை இல்லாத நிலையை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. கிரேக்க வினைக்குச் சேர்ந்து புழங்குதல் என்றும் பொருள் உண்டு. ஒரே பாத்திரத்தில் நீர் குடிப்பது பற்றிய பேச்சு அது என்று கொண்டால், கிணற்றடியில் அந்தப் பெண் ஏன் வியந்தாள் என்பது தமிழ் வாசகருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி 'நல்ல சமாரியன்'. லூக்கா 10-ஆம் அதிகார உவமையில் 'நல்ல' என்ற சொல்லே கிடையாது. பிற்காலத் தலைப்பு அது. கள்வரால் அடிபட்டு வழியில் கிடந்தவனைப் பார்த்தும் குருவும் கோவில் பணியாளரான லேவியரும் விலகிப்போக, கேட்போர் வெறுத்த இனத்தான் அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்து, சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியக் காசு கொடுத்தான் என்பதே கதையின் கூர்மை. 'சமாரியன்' என்றாலே உதவுபவன் என்று ஆகிவிட்ட இன்று அந்தக் கூர்மை மழுங்கிவிட்டது. அதே நற்செய்தி உலகில் யோவான் 8:48-இல் இச்சொல் வசையாகவே வருகிறது.

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்குக் கைம்மாறு கருதாமல் உதவுபவரை 'நல்ல சமாரியன்' என்ற இந்தப் பெயரால்தான் ஆங்கிலத்தில் குறிக்கிறது. தமிழகச் செய்திக்குறிப்புகளில் அவர் 'நற்கருணை வீரன்'. ஆக்கியவர் கத்தோலிக்கரைக் கேட்கவில்லை போலும். அவர்களுக்கு நற்கருணை என்றால் திருப்பலியில் பெறும் அப்பம். 'வீரன்' பெண்களை வெளியே நிறுத்துகிறது, சட்டம் கேட்காத வீரத்தையும் கேட்கிறது. மக்களைக் குறிக்கச் சமாரியர் என்றும், சாலையில் உதவுபவரைக் குறிக்க 'ஆபத்துதவியாளர்' என்றும் பிரித்து எழுதினால் இரண்டுக்கும் பழுதில்லை. பேச்சு வழக்கில் ஆபத்பாந்தவன் ஏற்கெனவே இருக்கிறான்.