ஆடி மாதத்திலும் கீரைச்சட்டி அடுப்பில் ஏற வேண்டும்

ஆடி மாதத்து வெயிலில் விசுவமடுப் பக்கம் ஒரு வளவுக்குள் போய் நின்றேன். எட்டு மாதத்துக்கு முன் அந்த வீட்டு அம்மாவுக்குக் கத்தரி, மிளகாய், தக்காளி என்று முப்பது கன்று கொடுத்து, பொதுநோக்கு மண்டபத்தில் ஒருநாள் வகுப்பும் எடுத்தது நான்தான். இப்போது பாத்தியின் வரம்பு மட்டும் தெரிந்தது. காய்ந்து கறுத்த மிளகாய்த் தடி நாலைந்து நின்றன. நடுவில் ஒரு கோழி மண் குளித்துக்கொண்டிருந்தது. அம்மா கோபப்படவில்லை. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "எட்டிப் பாருங்கோ பிள்ளை, வாளி அடியிலை முட்டுது. கன்று தந்தனீங்கள், தண்ணி ஆர் தாறது?"

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் விவசாயப் போதனாசிரியராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவள் நான். நான் நடத்திய பயிற்சிப்பட்டறைகளை அந்த அம்மாவின் கேள்விக்கு முன், பின் என்றுதான் இன்றும் பிரித்துப் பார்க்கிறேன்.

இந்த மாவட்டங்கள் அடங்கிய வன்னியில் மழை ஐப்பசியில் பிடித்து மார்கழி வரை பெய்யும். அந்த மூன்று மாதத்தில் எதை ஊன்றினாலும் தளிர்க்கும். வீட்டுத்தோட்டப் பட்டறைகளில் பெரும்பாலானவை நடப்பதும் அந்த மாதங்களில்தான். மழை ஒரு காரணம். ஆண்டு முடியுமுன் ஒதுக்கிய நிதியைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இன்னொரு காரணம். பதாகை கட்டி, கன்று கொடுத்து, சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து, படமும் எடுத்தால் வேலை முடிந்ததாகிவிடும். பங்குனி கழிந்து வெயில் ஏறி, சோளகம் வீசத் தொடங்கி, கிணறு இறங்கும்போது அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நானும் போகாமல் இருந்தவள்தான்.

அதனால் இப்போது யார் என்னிடம் பட்டறை நடத்தித் தரும்படி கேட்டாலும், மாசியில் வைப்போம் என்று சொல்கிறேன். மாசியில் கன்று நட முடியாதே என்பார்கள். கன்று நடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை முழுவதும் மாசியில்தான் இருக்கிறது. பெரும்போக நெல் அறுவடை முடியும் காலம் அது. வயலெங்கும் வைக்கோல் கிடக்கும், அதை நெருப்பு வைத்து எரித்துக்கொண்டிருப்பார்கள். கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும். அறுத்த வயலில் மாடு மேயும், சாணத்துக்குக் குறைவில்லை. வேலியில் கிளிசறியா தழைத்து நிற்கும். இவற்றையெல்லாம் அடுக்கி உக்கவைத்துச் செய்யும் கூட்டெருவுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் மாதம் வேறு இல்லை.

கூட்டெருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பெரிய பிழை விட்ட இடம் அது. வேலைக்கு வந்த புதிதில் ஆறு கிழமை மட்டுமே கிடந்த குவியலைப் பிரித்து, "எரு தயார்" என்று வீடு வீடாகக் கொடுத்தோம். பத்து நாளில் மிளகாய்க் கன்றெல்லாம் மஞ்சளாகிவிட்டது. உக்கி முடியாத எரு மண்ணுக்குள் போனால், அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைதரசனை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும், கன்று பட்டினி கிடக்கும். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சேதனப் பசளை எங்களுக்குச் சரிவராது" என்று அந்த ஊரில் சிலர் இன்றும் சொல்வதில் என் பங்கும் இருக்கிறது.

இப்போது பட்டறைக்கு வருகிறவர்கள் தங்கள் கையாலேயே குவியலை அடுக்குகிறார்கள். நாலடி அகலம், மூன்றடி உயரம், நீளம் வசதிப்படி. அடியில் வைக்கோலும் சருகும் முக்கால் அடி, அதன்மேல் கிளிசறியா, பூவரசம் குழை அரை அடி, அதன்மேல் கரைத்த சாணம், ஒரு கடகம் மேல்மண். இப்படியே திரும்பத் திரும்ப. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியச் சொல்வேன். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்தால் போதும், ஒழுகினால் கூடிவிட்டது. நடுவில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி விட வேண்டும். நாலைந்து நாள் கழித்துக் கம்பியை இழுத்துப் பிடித்தால் கை பொறுக்காத சூடு இருக்கும். நன்றாகச் சேர்ந்த குவியலுக்குள் 55 தொடக்கம் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும், களைவிதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் சாவது அந்தச் சூட்டில். கம்பி குளிர்ந்திருந்தால் ஈரம் போதவில்லை, இல்லையென்றால் பச்சைக் குழை போதவில்லை. மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு ஆகும். வெயில் கடுமையாகிவிட்டால் குவியலைவிடக் குழி நல்லது, ஈரம் நிற்கும். எரு ஆகிவிட்டதா என்று அறிய, ஈரமாக ஒரு பிடி எடுத்துப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கும்போது புளித்த நாற்றம் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மழைநாள் மண்வாசம் வந்தால் எடுத்துப் போடலாம்.

குழி வெட்டுவது பற்றி வன்னியில் இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். மீள்குடியேறிய காணிகளில் நெடுநாள் வெட்டாத மூலையை வெட்டும்போதும், குப்பையைக் கூட்டி எரிக்கும்போதும் கவனம் வேண்டும். துருப்பிடித்த இரும்பு, உருண்டையாகவோ குழலாகவோ எது தட்டுப்பட்டாலும் தொடாதீர்கள், மண்வெட்டியால் தட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்கு அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். போர் முடிந்து இத்தனை ஆண்டு ஆகிவிட்டதே என்று இருந்துவிட வேண்டாம்.

எல்லோரும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்று 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது, அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்ந்தது. அந்தப் போகத்தில் இரணைமடுக் குளத்தின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் விதைத்தவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். பட்டறைக்குக் கூப்பிட்டால், "திரும்பவும் சேதனமோ மிஸ்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் என்று வைத்தால், அதே அளவுக்கு ஒன்றரைத் தொன் எரு வேண்டும். அதிலும் நைதரசன் மெல்ல மெல்லத்தான் வெளிவரும். பல ஏக்கர் வயலுக்கு இதை ஒரே போகத்தில் யார் தயாரிப்பது? மண்ணைப் பழக்கப் பல ஆண்டு வேண்டும். வீட்டு வளவில் பத்துச் சதுர மீற்றர் பாத்தி அப்படியில்லை. ஒரு குவியல் எரு அதற்குத் தாராளம். சேதனமுறையைப் பயமில்லாமல் பழகக்கூடிய இடம் வளவுதான், அங்கே தோற்றாலும் கடன் ஏறாது.

பத்துச் சதுர மீற்றர் என்று சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. ஆடி வெயிலில் ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு லீற்றர் தண்ணீர் வேண்டும். பத்துச் சதுர மீற்றருக்கு ஐம்பது, அறுபது லீற்றர், அதாவது நாலைந்து வாளி. அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரையும் சேர்த்தால் வற்றும் கிணற்றிலும் இதைச் சமாளிக்கலாம். மாரியில் கால் ஏக்கர் போட்டவர்கள் கோடையில் அதையே காப்பாற்றப் பார்த்து எல்லாவற்றையும் இழக்கிறார்கள். கோடைக்குத் தோட்டத்தைச் சுருக்குங்கள். குசினி வாசலுக்குக் கொண்டு வாருங்கள். மண் தெரியாதபடி வைக்கோலும் சருகும் மூடுங்கள், மேற்கு வெயிலுக்குப் பழைய கிடுகு இரண்டைச் சாத்துங்கள். சவர்க்காரத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாமல் வாழையடிக்கு விடுங்கள். அந்தப் பாத்தியில் பசளி, பொன்னாங்காணி, கொஞ்சம் வெண்டி, நாலு பச்சைமிளகாய் போதும்.

மீதியை வேலி தரும். முருங்கையும் அகத்தியும் வேர்பிடித்த பிறகு கோடையைத் தாங்கும். கிளுவையோடும் கிளிசறியாவோடும் அவற்றை வேலியில் சேர்த்து நட்டால் கட்டாக்காலி மாட்டுக்கும் மறிப்பு, குழைக்கும் குழை, கறிக்கும் கறி. பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்களில் தோட்டம் அழிந்ததற்கு நான் கண்ட முதல் காரணம் வேலி இல்லாததுதான். கன்று கொடுக்கும் காசில் பாதியை வேலிக்குக் கொடுங்கள் என்று திட்டம் போடுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டை. ஆடி, ஆவணியில் வேம்படியில் கொட்டிக் கிடப்பதைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். பருப்பை இடித்து, பத்து லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து மாலையில் விசிற வேண்டும். வெயிலில் அதன் வீரியம் கெட்டுவிடும். புகையிலைச் சாற்றைச் சில பட்டறைகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை நான் சொல்லிக் கொடுப்பதில்லை. நிக்கொட்டின் தோலுக்குள்ளாலேயே உடம்பில் ஏறும் நஞ்சு, புகையிலையிலிருந்து மிளகாய்க்கும் தக்காளிக்கும் வைரசு நோயும் தொற்றலாம். அதேபோல் பச்சைச் சாணத்தைக் கரைத்துக் கீரைக்கு மேல் ஊற்றாதீர்கள், பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கு அதுவே வழியாகிவிடும்.

இனிச் சமையல். தோட்டப் பட்டறையையும் சமையல் பட்டறையையும் வேறு வேறு நாளில் வைப்பதை நான் விட்டுவிட்டேன். காலையில் பாத்தி கட்டினால் மதியம் அந்த வளவிலேயே அடுப்பு மூட்டுவோம். குடும்ப நல உத்தியோகத்தரையும் அன்றைக்கு அழைப்போம், கர்ப்பிணிகளையும் குமர்ப்பிள்ளைகளையும் அவருக்குத்தான் தெரியும். இரத்தச்சோகைக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், அதை நிறுத்தாமல் குடிக்க வேண்டும். அதோடு சட்டியிலும் சில மாற்றம் செய்யலாம். கீரையை வெட்டிய பிறகு கழுவாமல், கழுவிவிட்டு வெட்டுங்கள். தேசிக்காய்ப் புளியை அடுப்பால் இறக்கிய பின் விடுங்கள். அதிலுள்ள உயிர்ச்சத்து சீ கொதியில் அழியும், கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுக்க உதவுவது அந்தச் சத்துத்தான். முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூப் போடுவதும் கீரைக்குப் பால் விடுவதும் ருசிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், உயிர்ச்சத்து ஏ உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற எங்கள் பழக்கம் இதையெல்லாம் கெடுத்துவிடுகிறது. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துவைத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள் என்றால் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

மரவள்ளி பற்றியும் கேட்பார்கள். இஞ்சி சேர்த்தால் நஞ்சு என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது, சயனைட்டை விடுவிக்கும் பொருள் அது. இஞ்சியைக் கவனமாகத் தள்ளிவைத்துவிட்டு, கிழங்கை மூடிபோட்டு அரைகுறையாக அவிப்பதுதான் ஆபத்து. கிண்டிய அன்றோ மறுநாளோ சமையுங்கள். தடித்த தோலை முழுதாக உரித்து, சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கைக்கும் கிழங்கைச் சாப்பிட வேண்டாம்.

மாரியில் மிஞ்சுகிறதைக் கோடைக்கு மாற்றும் வேலையும் மாசி, பங்குனியில்தான். பாவற்காய், கத்தரி வற்றலும் மோர்மிளகாயும் எங்கள் அம்மாமாருக்குக் கைவந்தவை. பட்டறையில் இந்தப் பகுதியை அவர்களிடமே விட்டுவிடுவேன். ஒருமுறை ஒரு பாட்டி என்னை நிறுத்தி, "முருங்கையிலையை வெயிலிலை காயப்போடாதை பிள்ளை, நிழலிலை போடு, பச்சை மாறாது" என்று திருத்தினார். அவர் சொன்னது சரி. வெயில் உயிர்ச்சத்து ஏயையும் அழிக்கும். நிழலில் உலர்த்தி இடித்த அந்தத் தூள், இலைக்கஞ்சிக்கும் பிள்ளைகளின் பருப்புக்கும் ஆடி முழுக்க உதவுகிறது.

விதைக்கும் அவர்களிடம்தான் போக வேண்டும். இடப்பெயர்வுகளோடு வன்னியின் அடுப்படிகளில் இருந்த விதைப் போத்தல்களும் போய்விட்டன. கடைப் பைக்கற்றில் வருகிறது கலப்பின விதையென்றால், அதிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வராது. திருநெல்வேலி ஊதா போன்ற, கலப்பினமல்லாத கத்தரியை வாங்கினால், நல்ல செடியில் இரண்டு காயைப் பழுக்கவிட்டு நீங்களே விதை எடுக்கலாம். பயற்றை இன்னும் எளிது, தன்மகரந்தச் சேர்க்கை என்பதால் பெரும்பாலும் கலக்காது. நன்றாக உலர்த்தி, சாம்பல் கலந்து, போத்தலில் இறுக மூடி வைத்தால் புரட்டாதியில் முளைக்கும்.

அந்த விசுவமடு அம்மாவின் வளவில் இப்போது கிணற்றடியோடு எட்டடிக்கு ஒரு பாத்தி இருக்கிறது. சென்ற ஆடியில் போனபோது பசளிக்கொடி கிடுகின்மேல் ஏறியிருந்தது. வேலியிலிருந்து அகத்திக் கொப்பை வளைத்து ஒடித்துக்கொண்டே, வந்த அலுவல் என்னவென்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "அப்ப இருங்கோ, சொதி வைக்கிறன்" என்றார்.

உங்கள் ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருந்தால், வருகிற மாசிக்கு இப்போதே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் நாள் கேளுங்கள். மண்டபம் வேண்டாம், யாராவது ஒருவரின் வளவு போதும். வரும்போது வைக்கோல் ஒரு கட்டு, கிளிசறியாக் குழை ஒரு கட்டு, வீட்டில் மிஞ்சிய விதை எதுவென்றாலும் ஒரு பிடி கொண்டு வரச் சொல்லுங்கள். சென்ற ஆடியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் நின்றது என்பதையும் அளந்தவர்கள் சொல்லட்டும், பாத்தியின் அளவை அதைக் கேட்ட பிறகு தீர்மானிக்கலாம்.