பட்டையின் கூர்மை டேப்பின் விளிம்பில்

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, வானில் பறந்த அவற்றின் விமானங்களில் வெள்ளை மூன்றும் கருப்பு இரண்டுமாக ஐந்து பட்டைகள் மாறி மாறித் தீட்டப்பட்டிருந்தன. முந்தைய ஆண்டு சிசிலியில் தம் தரப்புப் பீரங்கிகளே தம் போக்குவரத்து விமானங்களைச் சுட்டு வீழ்த்திய அனுபவத்தால் வந்த ஏற்பாடு அது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலில் அது 6.35 மில்லிமீட்டர். கடைசி ஓரிரு நாட்களில் அவசரமாகப் பிரஷ்ஷால் தீட்டியதால் உண்மை விமானங்களில் பல பட்டைகள் கோணலாகவே இருந்தன. ஆனால் மாடலில் பட்டை கோணினால் அதை வரலாறு என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பட்டை நேராக அமைவது கை நடுங்காமல் இருப்பதைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கைக்கு அதில் வேலை குறைவு. எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பின், அதாவது வண்ணம் படக்கூடாத இடத்தை மூடும் ஒட்டு நாடாவின், விளிம்பே முடிவு செய்கிறது. முதலில் பட்டைகள் வரவேண்டிய பகுதி முழுவதற்கும் வெள்ளை அடித்து நன்கு காயவிட வேண்டும். பிறகு ஒரே அகலத்தில் வெட்டிய ஐந்து டேப் துண்டுகளை இடைவெளியின்றி அடுத்தடுத்து ஒட்டி, சுற்றுப்புறத்தையும் மூடிவிட்டு, இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் உரித்தெடுத்தால் கருப்புக்கான இடம் தானாகவே அளவெடுத்தாற்போலக் கிடைக்கும். வெள்ளையை முதலில் அடிப்பதற்கும் காரணம் உண்டு. வெள்ளை நிறமி ஒளியைச் சிதறடித்து அடிநிறத்தை மறைக்கிறது. கருப்பின் மேல் அப்படி மறைக்கப் பல பூச்சுகள் தேவைப்படும், விளிம்பில் படிக்கட்டுபோல மேடு எழும். இந்திய விமானப்படையின் வால் சின்னத்தில் உள்ள காவி, வெள்ளை, பச்சைக்கும் இதே வரிசை பொருந்தும்: வெள்ளை முதலில், பச்சை கடைசியில்.

இறக்கை தட்டையானது, அங்கே சிக்கல் இல்லை. விமானத்தின் உடலோ வால் நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. ஊட்டி ஏரிக்கரையில் வாங்கும் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கூம்பாக இருந்த காகிதம் விரித்தவுடன் விசிறியாகிறது. கூம்பைச் சுற்றிய வளையம் விசிறியின் மேல் வில்லாக வளைந்து கிடக்கிறது. டேப்போ நேர்கோட்டில் வெட்டப்பட்டது. அதைச் சுருக்கம் விழாமல் கூம்பின் மேல் சுற்றினால் அது வில்லின் வழியே போகாமல் அகன்ற பக்கம் நழுவும், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராது. 8 மில்லிமீட்டர் ஆரமுள்ள இடத்தில் உடலின் சுவர் வெறும் 2 பாகை சாய்ந்திருந்தாலும், ஒரு சுற்று முடிவதற்குள் நழுவல் ஏறக்குறைய 5.5 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது, அதாவது கிட்டத்தட்ட ஒரு பட்டையின் அகலம்! எனவே விளிம்பை மட்டும் 1 மில்லிமீட்டர் அகல டேப்பால் சுற்ற வேண்டும். அந்த அளவுக்கு மெல்லிய நாடா ஒரு பக்கம் சிறிது நீண்டு, மறுபக்கம் சிறிது சுருங்கி, வில்லாக வளைந்துகொடுக்கும். மீதி இடத்தை அகலமான டேப்பால் நிரப்பலாம்.

அடுத்த எதிரி கசிவு. டேப்பின் விளிம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே 0.01 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே போதும், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது வண்ணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் என்று கொண்டால், அந்த இடுக்கு இழுக்கும் விசை சுமார் 60 சென்டிமீட்டர் நீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்துக்குச் சமம். இடுக்கு குறுகக் குறுக இழுப்பு கூடுவதால், டேப்பை நகத்தால் அழுத்துவது மட்டும் முழுத் தீர்வாகாது. இதற்கு நான் அறிந்தவற்றுள் மிக அழகான உபாயம், கருப்புக்கு முன்னால் டேப்பின் விளிம்பு மேல் மீண்டும் ஒரு முறை வெள்ளையையே மெல்லியதாகத் தெளிப்பது. கசிவது கசியட்டும், வெள்ளைக்குள் வெள்ளை கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, காய்ந்ததும் அதுவே இடுக்கை அடைத்துவிடும்.

இவ்வளவும் சமவெளிக்கும் பொருந்தும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் ஜூலை மாதப் பனிமூட்டம் வேறொரு பாடம் நடத்துகிறது. ஒரு பிற்பகல் ஜன்னலைத் திறந்துவைத்து லாக்கர் எனும் விரைவில் காயும் வகைக் கருப்பை, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் அடித்தேன். இரண்டு நிமிடத்தில் பட்டைகள் சாம்பல் பூத்தாற்போல வெளுத்தன. வண்ணத்தை நீர்க்கச் செய்யக் கலக்கும், வேகமாக ஆவியாகும் தின்னர் தான் விட்டுப்போகும் பரப்பிலிருந்து வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது, பரப்பு ஓரிரு பாகை குளிர்ந்தாலே அதன்மேல் நீர் நுண்துளிகளாகப் படியும். அவை காயாத பூச்சுக்குள் சிக்கி, வற்றும்போது நுண்குழிகளை விட்டுச்செல்கின்றன. ஒளியைச் சிதறடித்துக் கருப்பை வெளுப்பாகக் காட்டுவது அந்தக் குழிகள்தாம்.

மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மெல்லிய படலமாகத் தெளித்தபோது பூச்சு சற்றே இளகி, குழிகள் மூடி, கருப்பு திரும்பியது. இப்போதெல்லாம் முதலில் ஜன்னலை மூடி ஹீட்டரால் அறையைச் சூடாக்குகிறேன். தின்னர் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், ஹீட்டரை அணைத்து, புகைபோக்கி விசிறியைப் போட்ட பிறகே தெளிக்கிறேன். டேப்பை உரிப்பதற்கும் காத்திருப்பதில்லை. வண்ணம் தொட்டால் ஒட்டாத, ஆனால் இன்னும் கெட்டிப்படாத நிலையில், டேப்பை அதன்மீதே மடித்துக் கூர்ங்கோணத்தில் மெல்ல இழுக்கிறேன். முழுவதும் இறுகிய பூச்சு டேப்போடு சேர்ந்து பெயர்ந்து, விளிம்பில் பல் பல்லாக உடைந்துவிடும்.