துடிப்பு தாறுமாறானால் காப்பீட்டு அட்டை எதுவரை கைகொடுக்கும்?

என் பெரியப்பா ஒருநாள் காலை குழாயடியில் குடத்தோடு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். அரை நிமிடத்தில் எழுந்து, "ஒண்ணுமில்லப்பா, பித்தம்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்தால் துடிப்பு நிமிடத்துக்கு 36. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்க வேண்டியது. இதயத்தின் மேலறையிலிருந்து வரும் மின்சைகை கீழறைக்குப் போய்ச் சேரவில்லை, 'ஹார்ட் பிளாக்' என்றார் டாக்டர். பிளாக் என்றதும் வீட்டில் எல்லோரும் ஸ்டென்ட் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இதில் அடைபடுவது ரத்தக்குழாய் இல்லை, மின்பாதை. அவருக்குத் தேவைப்பட்டது, துடிப்பு குறையாமல் மின்தூண்டல் கொடுக்கும் சிறு கருவியான பேஸ்மேக்கர். அடுத்த கேள்வி, "நம்ம கார்டுல வருமா?"

வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத்தான் சொல்கிறேன். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் இப்போதைய பெயரில் நடக்கிறது. ஊரில் பலருக்கு இன்னும் அது 'கலைஞர் காப்பீடு'தான். 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு உண்டு. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான், தலைக்கு 5 லட்சம் இல்லை. அந்தப் பணமும் நம் கைக்கு வராது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை நேராக மருத்துவமனைக்குப் போகும்.

அட்டை இல்லாதவர்கள் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியின் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணமாகிப் பெயரை நீக்கியாயிற்று, புகுந்த வீட்டு அட்டையில் இன்னும் சேர்க்கவில்லை என்கிற பெண்கள்தான் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, துடிப்புக் கோளாறில் எதற்கெல்லாம் கிடைக்கும்? துடிப்பு குறைந்துபோனவர்களுக்கு பேஸ்மேக்கர். திடீரென்று 150, 180 என்று ஓடி, சட்டென்று பழைய துடிப்புக்கே திரும்பிவிடும் வகைக்கு ஈபிஎஸ் பரிசோதனையும் ஆர்எஃப்ஏ சிகிச்சையும். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயரை இதயத்துக்குள் அனுப்பி, மின்சைகை எந்தக் குறுக்குவழியில் சுற்றுகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் புள்ளியை மட்டும் சூடாக்கிச் செயலிழக்கச் செய்வார்கள். நெஞ்சைத் திறக்கிற வேலையே இல்லை.

ஆனால் இந்த இரண்டாவது வகையில் ஒரு சங்கடம். படபடப்பு வந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் அது நின்றுவிடும். ஈசிஜி சுத்தமாக இருக்கும். "டென்ஷன், கேஸ்" என்று அனுப்பிவிடுவார்கள். பெரிய மருத்துவமனையைத் தேடிப் போகாமல், படபடப்பு இருக்கும்போதே பக்கத்தில் எங்கே ஈசிஜி எடுக்க முடியுமோ அங்கே எடுத்துவிடுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் யோசிக்காமல் 108.

அந்தக் காகிதம்தான் பின்னால் காப்பீட்டுக்கும் சாட்சி. மருத்துவமனை உங்கள் ஈசிஜி, எக்கோ அறிக்கைகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி முன் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் சிகிச்சை. உயிர்போகும் அவசரம் என்றால் மட்டும் சிகிச்சை முந்திக்கொள்ளும். பெரியப்பா விஷயத்தில் ஒருநாள் இழுத்தது. "அப்ரூவல் வரலை சார், க்வெரி போட்டிருக்காங்க, ஈசிஜி தெளிவா இல்லையாம்" என்றார் காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண். ஈசிஜி தாள் பஸ் டிக்கெட் மாதிரி வெப்பத்தில் அச்சாகிற தாள். சட்டைப் பையில் நாலு நாள் இருந்ததில் கோடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, போனிலும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்துவிடாதீர்கள், சூட்டில் தாள் மொத்தமும் கருத்துவிடும்.

அப்புறம் பணம். "கார்டுல வர்றது சாதா பேஸ்மேக்கர், கொஞ்சம் போட்டா நல்லதா வெச்சிடலாம்" என்று ஒரு தனியார் மருத்துவமனையில் எங்களிடமே கேட்டார்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத் தனியாகக் கை நீட்டக் கூடாது. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் குறைதீர்க்கும் குழுவும் இருக்கிறது. நாங்கள் அந்த எண்ணுக்குப் போன் போடுவதாகச் சொன்னதோடு 'நல்ல' பேஸ்மேக்கர் பேச்சு நின்றுபோனது.

அட்டை கைகொடுக்காத இடமும் உண்டு. வெளிநோயாளியாகப் பார்ப்பதும், தினசரி மாத்திரையும் பொதுவாக இதில் வராது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைப் பலர் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியிருக்கும். வார்ஃபரின் வகை என்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது உண்டு. இதற்கெல்லாம் ஜி.எச். இதயப் பிரிவு ஓ.பி.யில் சீட்டு போட்டுக்கொள்வதே சரியான வழி, அங்கே இலவசம். மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கை இறுகும் மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து.

படபடப்புக்கு இதயம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தைராய்டு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும், பொட்டாசியம் ஏறி இறங்கினாலும் துடிப்பு மாறும். ஜி.எச். பொது மருத்துவப் பிரிவில் இவற்றைப் பார்த்துவிடலாம், அட்டையே தேவையில்லை. பிரஷர், சுகர் மாத்திரையை 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

பேஸ்மேக்கர் வைத்து அனுப்பும்போது அதன் மாடல், தேதி போட்ட சிறு அடையாள அட்டை ஒன்று தருவார்கள். பேட்டரியைச் சோதிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்பார்கள். பெரியப்பா அதைக் காப்பீட்டு அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, வெற்றிலைப் பைக்குள் வைத்திருக்கிறார்.