199 டாலர் போனுக்குள் இருக்கும் பூட்டு

"ஒப்பந்தத்தில் வாங்கிய போன் ஏன் அவ்வளவு மலிவு? அதில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் ஏற்க மறுக்கிறதே, எந்த நிறுவனத்தின் சிம் என்று போனுக்கு எப்படித் தெரிகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கான பதில் எளிய கணக்கு, சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டாவதுதான் சுவையானது.

அமெரிக்காவில் 2012இல் ஐபோன் 5 வந்தபோது 16 ஜிபி மாடலின் விலை, இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டாலர். ஒப்பந்தம் இல்லாமல் 649 டாலர். இடையில் உள்ள 450 டாலரை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது தொலைபேசி நிறுவனம். அதை 24 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 18.75 டாலர். அந்தத் தொகை மாதக் கட்டணத்துக்குள் கலந்து வசூலாகிவிடும். மானியம் என்று பெயர் வைத்தாலும் இது கடன்தான். தவணை மட்டும் ரசீதில் தனி வரியாகக் காட்டப்படவில்லை. தனி வரி இல்லாததால், 24 மாதம் முடிந்த பிறகும் பலருக்குக் கட்டணம் குறையவே இல்லை. அடைத்து முடித்த கடனுக்கு மேலும் மேலும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். 2013 மார்ச்சில் டி-மொபைல் நிறுவனம் போன் கடனையும் சேவைக் கட்டணத்தையும் பிரித்தது. அதே ஐபோன் 5க்குக் கையில் 99.99 டாலர், பிறகு மாதம் 20 டாலர் வீதம் 24 தவணை, சேவைக் கட்டணம் தனி. கடன் எவ்வளவு என்பது ரசீதில் கண்ணுக்குத் தெரிந்தது.

விலைக் குறைப்பு அறிவிப்புகளையும் இதே கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஐபோன் 5 வந்ததும் பழைய 4எஸ் 16 ஜிபியின் முழு விலை 649இலிருந்து 549 ஆனது. ஏறத்தாழ 15 சதவீதக் குறைப்பு. ஒப்பந்த விலையோ 199இலிருந்து 99 ஆனது. அது 50 சதவீதம்! இரண்டிலும் குறைந்தது அதே 100 டாலர்தான். மானியம் அசையாமல் நிற்பதால், மிச்சமிருக்கும் சிறிய தொகையில் அந்த நூறு பெரிதாகத் தெரிகிறது. விளம்பரப் பலகையில் எந்த விலை எழுதப்பட்டது என்று சொல்லவே வேண்டாம்.

கடன் கொடுத்தவருக்குப் பிடிமானம் வேண்டும். முதல் பிடிமானம் காகிதத்தில் இருந்தது. 2010 ஜூனிலிருந்து ஏடி அண்ட் டி, ஸ்மார்ட்போன் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் 325 டாலர் அபராதம் விதித்தது. முடித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 10 டாலர் கழியும். அதாவது 23 மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வெளியேறினாலும் 95 டாலர் கட்ட வேண்டும். இரண்டாவது பிடிமானம் போனுக்குள்ளேயே வைக்கப்பட்டது. அதுதான் சிம் லாக்.

போனில் இரண்டு கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். திரையையும் செயலிகளையும் ஒன்று பார்த்துக்கொள்கிறது. மற்றொன்று பேஸ்பேண்ட், ரேடியோவும் சிம்மும் அதன் பொறுப்பு. பூட்டு இருப்பது இந்த இரண்டாவதில். ஃபேக்டரி ரீசெட் செய்தால் பூட்டு போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். ரீசெட் அழிப்பது முதல் கணினியின் தரவுகளை மட்டும்.

சிம்மைப் போட்டு போனை இயக்கியதும், பேஸ்பேண்ட் சிம்முக்கு மின்சாரம் கொடுத்து, ஒரு ரீசெட் துடிப்பு அனுப்புகிறது. சிம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பின் எண் இருந்தால் அதைக் கேட்கும். அடுத்து பேஸ்பேண்ட் 6எஃப்07 என்ற கோப்பைத் திறக்கச் சொல்கிறது. சந்தாதாரரின் அடையாள எண்ணான ஐஎம்எஸ்ஐ அதில்தான் இருக்கிறது. பின் எண் சரிபார்க்கப்படாமல் இந்தக் கோப்பைப் படிக்க முடியாது. அதனால்தான் வேறு நிறுவன சிம்மைப் போட்டாலும் முதலில் பின் எண்ணைக் கேட்டுவிட்டு, அதன் பிறகே போன் மறுக்கிறது.

அந்தக் கோப்பில் ஒன்பது பைட்டுகள் உள்ளன. 310410123456789 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். சிம்மிலிருந்து அது இப்படி வரும்: 08 39 01 14 10 32 54 76 98. முதல் பைட், பின்னால் எட்டு பைட்டுகள் வருகின்றன என்கிறது. அடுத்த 39இல் உள்ள 9, மொத்த இலக்கங்கள் ஒற்றைப்படை என்பதற்கான குறி. 3 என்பது எண்ணின் முதல் இலக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பைட்டிலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. 01ஐத் திருப்பினால் 10, 14ஐத் திருப்பினால் 41. மாற்றி அடுக்கிப் பாருங்கள், அசல் எண் அப்படியே வந்துவிடும்.

முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும், 310 அமெரிக்கா. அடுத்த இரண்டோ மூன்றோ இலக்கம் நிறுவனத்தைக் குறிக்கும். 410 ஏடி அண்ட் டி. இரண்டா மூன்றா என்பதை சிம்மிலுள்ள இன்னொரு கோப்பின் நான்காவது பைட் சொல்கிறது. அதைப் பார்க்காமல் இரண்டு என்று எடுத்துக்கொண்டால் 410 என்பது 41 ஆகி, சரியான சிம்மையே தவறென்று தள்ள நேரிடும். தன்னிடம் உள்ள பட்டியலோடு இந்த ஐந்தாறு இலக்கங்களை பேஸ்பேண்ட் ஒப்பிடுகிறது. பொருந்தினால் வலைப்பின்னலைத் தேடும். பொருந்தாவிட்டால் திறவு எண்ணைக் கேட்கும். நூற்றுக்கணக்கான டாலர் கடனுக்குக் காவல், இந்தச் சின்ன ஒப்பீடு!

சொந்தக் கோபுரம் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் வலைப்பின்னலை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களும் உண்டு. அவற்றின் சிம்களில் பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் எண்ணே இருக்கும். அங்கே ஐஎம்எஸ்ஐ மட்டும் போதாது. ஜிஐடி1 என்ற குழு அடையாளக் கோப்பையும் போன் பார்க்கும். கோபுரம் ஒன்றாகவே இருந்தும் சிம் ஏற்கப்படாமல் போவது இதனால். இ-சிம்மிலும் கோப்புகள் இதே வகைதான் என்பதால் பூட்டும் அப்படியே செல்லுபடியாகும்.

இனி திறவு எண். நோக்கியாவின் பழைய டிசிடி3, டிசிடி4 வகைகளில் அந்த எண், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயையும் நிறுவனத்தின் எண்ணையும் வைத்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடப்பட்டது. சூத்திரம் வெளியே கசிந்ததும் இலவசக் கணிப்பான்கள் பரவின. பூட்டு பொருளற்றுப் போயிற்று. அடுத்து வந்த முறையில் எண் தற்செயலாக உருவாக்கப்பட்டு, தயாரிப்பாளரின் தரவுத்தளத்தில் வைக்கப்பட்டது. போனில் அதன் ஹாஷ் மட்டும் இருக்கும், அதாவது அந்த எண்ணிலிருந்து கணக்கிட்ட, திருப்பி எடுக்க முடியாத ஒரு முத்திரை. எட்டு இலக்க எண் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள். நொடிக்கு ஒன்று வீதம் கையால் முயன்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ஹாஷைப் பிரதி எடுத்து ஒரு கணினியிடம் கொடுத்தாலோ அந்தப் பத்துக் கோடியும் சிறிது நேர வேலை. அதனால் ஒவ்வொரு சிப்பிலும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படும் ரகசிய எண்ணையும் ஹாஷோடு கலக்கிறார்கள். சிப்பை விட்டு வெளியே வராத அந்த எண் இல்லாமல் ஹாஷைக் கையில் வைத்திருந்தும் பயனில்லை. இதோடு முயற்சிக் கணக்கும் உண்டு. மாடலைப் பொறுத்து ஐந்து அல்லது பத்துத் தடவை தவறினால் போன் நிரந்தரமாக மறுத்துவிடும். பிறகு சரியான எண்ணே கிடைத்தாலும் ஏற்காது. எல்லா போனையும் திறக்கும் ரகசிய எண் என்று சுற்றிவருபவற்றை அடித்துப் பார்க்காதீர்கள். மந்திரம் போல அவற்றை நம்பி இந்தக் கணக்கைக் கரைத்துவிட்டு, நிறுவனம் முறையாகக் கொடுக்கும் எண்ணைப் போட முடியாமல் நிற்பவர்கள் நிறைய.

இவ்வளவு காவல் போட்ட பிறகும் ஓர் இடம் திறந்தே கிடக்கிறது. சிம்மும் போனும் பேசிக்கொள்வது ஒரே ஒரு தரவுக் கம்பியில். பெரும்பாலும் அந்தப் பேச்சுக்கு மறைகுறியாக்கம் கிடையாது. பூட்டை ஏமாற்றுவதற்காக சிம்முக்கும் ட்ரேக்கும் இடையில் செருகும், சிப் பதித்த மெல்லிய தகடு இங்கேதான் புகுந்துகொள்கிறது. பேஸ்பேண்ட் முதல் தடவை ஐஎம்எஸ்ஐ கேட்கும்போது, பூட்டு ஏற்கும் நிறுவனத்தின் எண்ணைத் தகடு கொடுத்துவிடும். ஒப்பீடு முடிந்து, வலைப்பின்னலில் பதிவு செய்வதற்காக மீண்டும் கேட்கும்போது உண்மையான எண்ணை விட்டுவிடும். ஏன் கடைசிவரை பொய் சொல்லக் கூடாது? வலைப்பின்னல் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பி, சிம்முக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் விடை கணக்கிடச் சொல்லும். பொய் எண்ணுக்கு உரிய சாவி இந்தச் சிம்மில் இல்லையே! இந்த இடத்தில் தகடு ஒதுங்கி நின்று அசல் சிம்மைப் பேச விடுவதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். மென்பொருள் புதுப்பித்ததும் இத்தகைய தகடுகள் படுத்துவிடுவதற்கும் இதுவே காரணம். புதிய பேஸ்பேண்ட் இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த உரையாடலை நாம் கண்ணால் பார்க்க முடிவது ஆஸ்மோகாம் போன்ற திறந்தமூலத் திட்டங்களால். சிம்ட்ரேஸ் என்ற அவர்களுடைய சிறிய பலகையை நடுவில் இணைத்தால் ஒவ்வொரு பைட்டும் கணினித் திரையில் ஓடும். எல்லோர் பையிலும் இருந்தும் உள்ளே நடப்பது வெளியே தெரியாத கணினி பேஸ்பேண்ட். அதை ஆராயப் பல்கலைக்கழகங்கள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூட்டே தேவையில்லை என்றும் நினைக்கிறேன். கடனை வசூலிக்க ஒப்பந்தம் இருக்கிறது. கட்டாமல் போனவரின் ஐஎம்இஐயை, வலைப்பின்னல்கள் ஏற்க மறுக்கும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் வழி இருக்கிறது. அந்தப் பட்டியல் எல்லா நாடுகளிலும் பகிரப்படுவதில்லை என்பது உண்மையான குறைதான். அதற்காக ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் எல்லோருடைய போனையும் பூட்டுவது நியாயமில்லை. கனடா 2017 டிசம்பரிலிருந்தும், ஜப்பான் 2021 அக்டோபரிலிருந்தும், பிரிட்டன் அதே வருட டிசம்பரிலிருந்தும் பூட்டிய போன் விற்பனையைத் தடுத்துவிட்டன. அங்கே தொலைபேசி நிறுவனங்கள் நொடித்துவிடவில்லை.

பழைய போன் வாங்குவோர் பூட்டையும் கறுப்புப் பட்டியலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூட்டு போனுக்குள் இருக்கிறது, பட்டியல் வலைப்பின்னலில் இருக்கிறது. ஒன்றை நீக்கினால் மற்றது போகாது. *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ, பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் பகுதியில் கேரியர் லாக் என்ற வரிக்கு எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். எந்த போனானாலும் சிம் ட்ரேயைக் கழற்றித் தகடு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு அழைப்பும் இணையமும் வேலை செய்கின்றனவா என்று சோதித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.