கம்பி உருகிய பிறகும் ஃபியூஸுக்கு வேலை இருக்கிறது

போன ஃபியூஸைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக் குழல் தெளிவாக இருந்து, கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் லோடு கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது. குழலின் உட்புறம் கறுத்தோ, வெள்ளி பூசியது போலவோ இருந்தால் பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். கம்பி உருகிச் சொட்டக்கூட நேரமில்லாமல் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. கோளாறைத் தேடாமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும்.

மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. அதனால் 5 ஆம்பியர் ஃபியூஸ் 6 ஆம்பியரை மணிக்கணக்கில் தாங்கும், 50 ஆம்பியர் வந்தால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். இந்தப் பொறுமையும் தேவைதான். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதற்கெல்லாம் அறுந்துகொண்டிருந்தால் மோட்டாரை ஓட்டவே முடியாது.

சில ஃபியூஸ்களில் வெள்ளிக் கம்பியின் நடுவே ஒரு பொட்டு வெள்ளீயம் வைத்திருப்பார்கள். வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 போதும். லோடு நெடுநேரம் கூடுதலாகவே இருந்தால் வெள்ளீயம் முதலில் உருகி, தன்னைச் சுற்றியுள்ள வெள்ளியைக் கரைத்துத் தின்றுவிடும். எனக்குப் பிடித்த தந்திரம் இது.

சரி, கம்பி அறுந்துவிட்டது. மின்சாரம் நின்றுவிட்டதா? இல்லை. அறுந்த இடைவெளியில் தீப்பொறி பாலம் போட்டு, மின்னோட்டம் அதன் வழியே தொடரும். இதை அணைப்பதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. திசை மாறி மாறி ஓடும் 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், பொறி அணைய அதுவே வாய்ப்புக் கொடுக்கிறது. ஒரே திசையில் ஓடும் டிசியில் அந்த வசதி கிடையாது, பொறி லேசில் விடாது. பெரிய மின்னோட்டத்துக்கான பீங்கான் ஃபியூஸ்களுக்குள் குவார்ட்ஸ் மணலை நிரப்புவது இதற்காகத்தான். மணல் பொறியின் சூட்டை வாங்கி, தானே உருகிக் கண்ணாடிபோல இறுகிவிடும்.

ஃபியூஸின் மேல் ஆம்பியரோடு வோல்ட்டும் அச்சிட்டிருப்பதன் காரணமும் அந்தப் பொறிதான். ஆம்பியர் ஒத்துப்போகிறதே என்று கார்களுக்கான 32 வோல்ட் ஃபியூஸை 230 வோல்ட் லைனில் போட்டால், கம்பி என்னவோ சரியாகத்தான் உருகும். பொறி அணையும் என்பதற்குத்தான் உத்தரவாதமில்லை.